மிளகாய்க்குப் புதன்கிழமை

நான் மாவு மில்லில் மிஷின் ஓட்டியவன். சங்கரன்கோவிலில் மார்க்கெட்டுக்குப் போகும் தெருவில் அந்த மில் இருந்தது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பதினெட்டு வயதில் மில்லுக்குள் போனேன். உள்ளே போகும்போது கறுப்பாக இருப்பேன், வெளியே வரும்போது வெள்ளையாக இருப்பேன். மிளகாய் அரைத்த நாளில் சிவப்பு. பெண் பார்க்கப் போவதற்காகக் குளித்து முழுகிப் புறப்பட்ட அன்றுதான் என் நிஜ நிறம் தெருக்காரர்களுக்கே தெரிந்தது.

மில்லில் இரண்டு மிஷின். அரிசி, கோதுமை, கேப்பை எல்லாம் வெள்ளை மிஷினில். மிளகாய் வத்தல், மல்லி சிவப்பு மிஷினில். இரண்டும் ஒரே கூடத்தில் பத்தடி தள்ளி நின்றன. கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. ஜன்னல் வைத்தால் மாவு பறந்து போய்விடும் என்று கட்டியவர் நினைத்திருக்கிறார்.

கரண்டு இருந்தால் மோட்டார். இல்லாவிட்டால் ஆயில் என்ஜின். என்ஜினின் புகைக்குழாய் முதலில் தெருப்பக்கம்தான் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இஸ்திரி போடுகிறவர் ஒருநாள் ஒரு வெள்ளை வேட்டியோடு வந்து நின்றார். வேட்டி முழுக்கக் கரிப் பொட்டு. அது ஒரு வக்கீலுடைய வேட்டி. பெரிய பேச்சாகி, கடைசியில் குழாயைத் திருப்பிக் கூடத்துக்குள்ளேயே, கூரைக்குக் கீழே விட்டார்கள். வக்கீல் வேட்டி அதற்குப் பிறகு வெளுப்பாக இருந்தது.

எனக்கு இழுப்பு வந்தது எழுபத்தொன்பதிலா எண்பதிலா, சரியாக நினைவில்லை. அப்போது நான் மில்லுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. முதலில் தும்மல். மிளகாய் மில்லில் தும்முகிறவனை யார் கவனிப்பார்கள்? பிறகு இருமல். பிறகு ஒருநாள் காலையில் எழுந்தால் மூச்சை உள்ளே இழுக்க முடிகிறது, வெளியே விட முடியவில்லை. நெஞ்சுக்குள் கீச்சென்று ஒரு சத்தம். பெல்ட் லூசாக இருந்தால் அப்படித்தான் சத்தம் வரும். மில்லுக்குப் போனதும் பெல்ட்டைத்தான் முதலில் பார்த்தேன்.

மில்லில் ஒரு வசதி உண்டு. மிஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. என் நெஞ்சுச் சத்தம் எனக்கே கேட்காது. வாடிக்கைக்காரர்கள் விரலைக் காட்டுவார்கள், நான் தலையை ஆட்டுவேன். நைசா, ரவையா என்பதெல்லாம் கையிலேயே முடிந்துவிடும். மூச்சு இல்லாதவனுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது.

கரண்டு போனால்தான் சிக்கல். மிஷின் நின்றுவிடும். கூடம் அமைதியாகிவிடும். அப்போது என் நெஞ்சு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் கரண்டு போன நிமிஷமே என்ஜின் பக்கம் ஓடுவேன். வந்திருக்கிற ஆம்பளை யாரையாவது கூப்பிட்டு ஹேண்டில் சுற்றச் சொல்லி எப்படியாவது ஓடவைத்துவிடுவேன். வெளியே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் முதலாளி அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். என்னை மாதிரி பொறுப்பானவன் கிடைக்கமாட்டான் என்று இஸ்திரிக்காரரிடம் சொல்வார். என்ஜின் ஓடினால் புகை. புகை வந்தால் இழுப்பு கூடும். சத்தத்தை மறைக்கப் புகையைக் குடித்தேன். வேறு வழி தெரியவில்லை.

வீட்டில் வேறு மாதிரி. எங்கள் ஊர்ப் பக்கம் கரிசல் பூமி, பருத்திக் காடு. பருத்தி எடுத்து முடித்ததும் செடியின் காய்ந்த குச்சியை, மார் என்போம், பிடுங்கிக் கட்டாகக் கட்டி விற்பார்கள். அதுதான் அடுப்புக்கு. பச்சை மாராக இருந்தால் புகை கண்ணைப் பிடுங்கும். நான் இழுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பேன். என் வீட்டுக்காரிக்குப் பார்க்கப் பொறுக்காது. சட்டியில் கங்கு அள்ளி, சாம்பிராணியும் நொச்சி இலையும் போட்டு, என் முகத்துக்கு நேரே பிடிப்பாள். புகை போட்டால் சளி இளகும் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். அவள் பிரியத்தில் செய்தாள். நான் பிரியத்தில் குடித்தேன். அஞ்சு நிமிஷத்தில் இரண்டு பேரும் வாசலுக்கு வந்து உட்கார்ந்துவிடுவோம்.

இதை ஏன் மறைத்தேன் என்று சொல்ல வேண்டும்.

முதலாளிக்கு மகன் கிடையாது. ஒரு மகள், திருநெல்வேலியில் கட்டிக்கொடுத்திருந்தார். தானும் மனைவியும் அங்கேயே போய் இருந்துவிடலாம் என்று அவருக்கு எண்ணம். மில்லை விற்க மனசில்லை. நம்பிக்கையான ஆளிடம் குத்தகைக்கு விடலாம் என்றார். ஆள் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று அவர் மச்சினன். மச்சினன் நல்ல மனுஷன். மார்க்கெட்டில் வத்தல் கமிஷன் பார்த்துக்கொண்டிருந்தார். மிஷினைப் பற்றித் தெரியாது, ஆனால் உடம்பு தேக்குக் கட்டை மாதிரி.

முதலாளி என்னை வெளியே மேஜைப் பக்கம் கூப்பிட்டு ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினார். "உடம்பு கல்லு மாதிரி இருக்கவன் கையிலதான்லே குடுப்பேன். மில்லு ஒரு நாள் நின்னா வாடிக்கை அடுத்த மில்லுக்குப் போயிரும். போனது திரும்பாது."

நான் தலையை ஆட்டினேன். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, நல்லவேளை.

மில் கிடைத்தால் நானும் ஒரு முதலாளி. கிடைக்காவிட்டால் மச்சினனுக்குக் கீழே வேலை. இரண்டுக்கும் நடுவில் என் நெஞ்சு கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டு போகிற ரோட்டில் ஒரு டாக்டர் இருந்தார். தெற்கே நாங்குநேரிப் பக்கத்துக்காரர். மருந்து குறைவாகவும் கேள்வி அதிகமாகவும் கொடுப்பார். அவரிடம்தான் போனேன். போவதற்கு முன்னால் குளித்தேன். காதுக்குள் விரலை விட்டு மாவை எடுத்தேன். தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். என் முதலாளியும் அந்த டாக்டரிடம்தான் பிரஷருக்குப் போவார். இரண்டு பேரும் உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள். நான் மில்லில் இருப்பது தெரிந்தால் பேச்சு அங்கே போய்ச் சேரும்.

டாக்டர் குழாயை வைத்துப் பார்த்தார். முதுகிலும் வைத்தார்.

"என்னவே வேலை பாக்கீரு?"

"ஜவுளிக்கடைல நிக்கேன் சார்."

அந்தப் பொய்யை நான் யோசித்து வைக்கவில்லை. வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டே வந்ததால் வாயில் ஜவுளி வந்துவிட்டது.

அவர் ஊசி போட்டார். மெதுவாக, நரம்பில். நெஞ்சு படபடவென்று அடித்தது, பிறகு ஒரு கதவு திறந்த மாதிரி மூச்சு வந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது வழியில் இருந்த எல்லா வாசனையும் தெரிந்தது. பூக்கடை, எண்ணெய்ப் பலகாரக் கடை, மாட்டுத் தொழுவம் எல்லாம். இத்தனை வாசனை இந்த ஊரில் இருக்கிறதா என்று நினைத்தேன். மறுநாள் மில்லுக்குப் போனேன். மூன்றாம் நாள் பழையபடி.

இப்படி மாதத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை போனேன். டாக்டருக்குப் புரியவில்லை. பீடி உண்டா என்றார். இல்லை. தலையணை எது என்றார். இலவம்பஞ்சு. தூக்கிப் போடச் சொன்னார். என் வீட்டுக்காரி போட்டுவிட்டாள். நான் பலகையில் தலை வைத்துப் படுத்தேன், கழுத்து பிடித்துக்கொண்டது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். அடித்தோம். பூனை உண்டா என்றார். இருந்தது, சாம்பல் நிறத்தில் ஒன்று. பூனை முடி ஆகாது என்றார். பனவடலிசத்திரத்தில் இருக்கும் கொழுந்தியாள் வீட்டுக்குச் சாக்குப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோய் விட்டேன். பையைத் திறந்ததும் அது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் ஒரு நியாயம் இருந்தது.

ஜவுளிக்கடையையும் அவர் விடவில்லை. புதுத் துணியில் கஞ்சித் தூசி இருக்கும், கல்லாப் பக்கம் மாற்றச் சொல்லிக் கேளும் என்றார். கேட்கிறேன் என்றேன். அடுத்த தடவை போனபோது கேட்டீரா என்றார். கேட்டேன், மாற்றிவிட்டார்கள் என்றேன். ஒரு பொய்க்கு நான் பதவி உயர்வும் வாங்கிக்கொண்டேன்.

மாத்திரை ஒன்று இரண்டாயிற்று. இரண்டு மூன்றாயிற்று. அந்த மாத்திரை மூச்சைத் திறக்கும், ஆனால் கையை நடுங்கவைக்கும். மாவு மில்லில் எல்லாம் கையில்தான் இருக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளியை ஒரு திருகை வைத்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். மயிரிழை தப்பினால் மாவு கொரகொரப்பாகும், அல்லது கருகும். என் கை நடுங்க ஆரம்பித்ததும் இடியாப்ப மாவு ரவையாக வந்தது. ஒரு டீச்சரம்மா டின்னைத் திருப்பிக் கொண்டுவந்தார். இதில் இடியாப்பம் பிழிய முடியாது, உப்புமாதான் கிண்டலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி மாவை விரலில் தேய்த்துப் பார்த்தார். மச்சினன் அன்றைக்கு மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நான் படிக்காதவன், ஆனால் கண் உண்டு. மிளகாய் அரைத்த மறுநாள்தான் இழுப்பு அதிகம் என்று தெரிந்தது. தினமும் ஒன்றிரண்டு பேர் மிளகாய் கொண்டுவருவார்கள். அதனால் தினமும் மறுநாள். வாரத்தில் ஒரு நாளைக்கு மட்டும் அதை ஒதுக்கிவிட்டால் மற்ற ஆறு நாளும் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஒரு திங்கட்கிழமை கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு அம்மா மிளகாய் டின்னோடு பஸ்ஸில் வந்தார். வாய் ஓயாத அம்மா. எனக்கு அன்றைக்கு மூச்சு இரண்டு வார்த்தைக்குத்தான் காணும்.

"புதன்கிழமை வாங்க" என்றேன்.

"ஏன் அண்ணாச்சி?"

நான் பதில் சொல்லவில்லை. மூன்றாவது வார்த்தைக்கு மூச்சு இல்லை. அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக, தனக்குத் தெரிந்துவிட்ட மாதிரி தலையை ஆட்டினார். டின்னை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை அவர் வரும்போது கூட நாலு பேர் வந்தார்கள், நாலு டின்னோடு. அடுத்த புதன்கிழமை பத்துப் பேர். நான் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. அவர்களே காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். புதன்கிழமை அரைத்தால் பொடியில் வண்டு விழாதாம். புதன்கிழமை அரைத்தால் நிறம் மங்காதாம். மற்ற நாளில் அரைத்த வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை வருமாம். இதையெல்லாம் வரிசையில் நிற்கிறவர்கள் பேசித்தான் நானே கேள்விப்பட்டேன். சண்டை விஷயத்தை ஒரு மாமியார் தன் வீட்டு அனுபவம் என்றே சொன்னார்.

மூன்று மாதத்தில் ஊர் முழுக்க அதுதான் வழக்கம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த இன்னொரு மில்லிலும் மிளகாய்க்குப் புதன்கிழமை என்று சிலேட்டில் எழுதிப் போட்டார்கள். முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். சிவப்பு மிஷின் வாரத்தில் ஒரு நாள் ஓடினால் தேய்மானம் குறைவு. இந்த யோசனை யாருடையது என்று கேட்டார். ஜனங்களுடையது என்றேன். அது பொய்யில்லை.

ஆனால் ஒன்றை நான் யோசிக்கவில்லை. ஆறு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்த மிளகாய் முழுவதும் இப்போது ஒரே நாளில் வந்தது. பக்கத்துக் கிராமத்து மிளகாயும் சேர்ந்து வந்தது. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் வரை சிவப்பு மிஷின் நிற்காது. கூடத்துக்குள் நின்றால் எதிர்ச் சுவர் தெரியாது, சிவப்பாக ஒரு மூட்டம்தான் தெரியும். வரிசை தெருவுக்குப் போய்விட்டது. தெருவில் போகிற சைக்கிள்காரர்கள் எல்லாரும் என் மில்லைத் தாண்டும்போது தும்மினார்கள். இஸ்திரிக்காரர் புதன்கிழமை கடைக்கு லீவு விட்டுவிட்டார். ஆறு நாளைக்குக் குடிக்க வேண்டியதை நான் ஒரு நாளில் குடித்தேன். வியாழக்கிழமை வேலைக்குப் போனேன், ஆனால் வேலை செய்தது யார் என்று எனக்குத் தெரியாது.

வழக்கத்தை மாற்றலாம் என்று பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பெண் மிளகாயோடு வந்தாள், புதிதாகக் கல்யாணமாகி வந்தவள். கொண்டாம்மா அரைக்கிறேன் என்றேன். வரிசையில் நின்ற நாலு பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். மாமியார் வீட்டில் வாழணுமா வேண்டாமா என்று கேட்டார்கள். அவள் டின்னை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

நான் கட்டிய வழக்கம் என்னைவிடப் பலமாகிவிட்டது.

அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை. வரிசையில் சலசலப்பு. யாரோ பெரிய மனுஷருக்கு விலகி வழிவிட்டார்கள். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நான் கல்லைத் திருகிக்கொண்டிருந்தேன். திரும்பினால் டாக்டர். கையில் எவர்சில்வர் தூக்குவாளி. அவர் மனைவிக்கு யாரோ புதன்கிழமைப் பொடியில் வண்டு விழாது என்று சொல்லியிருக்கிறார்கள். வேலைக்காரப் பெண் அன்றைக்கு வரவில்லை. ஸ்கூட்டரில் மாட்டி அவரே கொண்டுவந்துவிட்டார்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? தலையிலிருந்து கால் வரை நான் மிளகாய்ப் பொடி. கண் மட்டும்தான் வெளியே. அவர் வாளியை நீட்டினார், ஒன்பது தடவை தும்மினார். நான் வாங்கினேன். நைசாக என்று கையைக் காட்டினார். நான் தலையை ஆட்டினேன். வாளியைக் கவிழ்த்துவிட்டு, இந்த மனுஷர் சீக்கிரம் போய்விட வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டேன்.

அப்போது கரண்டு போயிற்று.

பெல்ட் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. பெண்கள் பேசிக்கொண்டிருந்ததும் நின்றது, மிஷின் நின்றால் ஒரு நிமிஷம் எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள். கூடத்தில் ஒரே ஒரு சத்தம்தான் பாக்கி. நான் வாயை மூடிப் பார்த்தேன். நெஞ்சு மூடவில்லை. என்ஜின் பக்கம் போகலாம் என்று ஒரு அடி வைத்தேன். கால் போகவில்லை, மூச்சும் வரவில்லை. சிவப்பு மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் தலையைச் சாய்த்துக் கேட்டார். குழாய் இல்லாமலே கேட்டார். ஒரு வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த சத்தம். என் முகம் அவருக்குத் தெரியவில்லை, என் நெஞ்சைத் தெரிந்துவிட்டது.

"ஜவுளிக்கடைய எப்பம்வே இங்கன மாத்தினாவ?" என்றார்.

வாசலில் முதலாளி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

டாக்டர் என் கையைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டிவந்தார். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு ரோடு வரை நான் அவர் வெள்ளைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு போனேன். இறங்கிப் பார்த்தால் அந்தச் சட்டையில் என் இரண்டு கையும் சிவப்பாக அச்சாகி இருந்தது. ஊசி போட்டுவிட்டு, என்னைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத்தான் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"ஒரு வருசமா ஒம்ம பூனைக்கு வைத்தியம் பாத்திருக்கேன்வே நான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வந்தது. அவரும் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார்.

அன்றைக்குத்தான் அவர் எனக்கு விளங்கும்படி சொன்னார். உம்முடைய மூச்சுக் குழாய் சாதாரணக் குழாய் இல்லை, தொட்டாற்சிணுங்கி. தூசியோ புகையோ பட்டால் சுருங்கிக்கொள்ளும். என் மருந்து அதைத் திறக்கும். நீர் மறுநாள் மில்லில் நின்று மூடிவிடுவீர். நான் இன்னொரு மாத்திரை கூட்டுவேன். நீர் இன்னும் கொஞ்சம் மூடுவீர். மருந்துக்கும் ஒரு எல்லை உண்டு. இன்னும் கூட்டினால் கை மட்டுமில்லை, நெஞ்சும் நடுங்கி நின்றுவிடும். மிளகாய், மாவு, என்ஜின் புகை, அடுப்புப் புகை எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டே வந்தார். சாம்பிராணி என்று நான் சொன்னதும் கையைத் தலையில் வைத்துக்கொண்டார்.

மில்லை நடத்தலாமா என்று கேட்டேன். அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அவர் ஊசியைக் கழற்றி வைத்தார். "வேண்டாம்னுதான் சொல்லணும். சொன்னா நீரு கேப்பீரா?"

"வேற வேலை தெரியாது சார்."

"அப்பம் மிளகாய விடும். புகைய வெளிய விடும். மாவைப் பொறவு பாப்போம்."

மறுநாள் நான் மில்லுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவை. மச்சினன் மிஷின் ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். மூன்றாம் நாள் முதலாளி வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரி நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"ஏம்லே சொல்லல?"

"சொன்னா மில்லக் குடுக்க மாட்டிய."

"குடுத்திருக்க மாட்டேன்தான்." சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தார். "இப்பமும் குடுக்கணும்னு ஒண்ணும் இல்ல."

கெஞ்ச வரவில்லை எனக்கு. என் வீட்டுக்காரி கதவுக்குப் பின்னால் நின்று அழுவது கேட்டது. முதலாளிக்கும் கேட்டிருக்கும்.

அவர் இரண்டு நாளாக மில்லில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். மச்சினனுக்கு மிளகாயைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, பார்த்ததும் எந்த ஊர்க் காட்டில் விளைந்தது என்று சொல்லிவிடுவார், தூசியும் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் வெள்ளை மிஷினில் கல்லோடு கல்லை உரசவிட்டு மழுக்கிவிட்டார். கல் கொத்த ஆள் தேடி ராஜபாளையம் போக வேண்டியிருந்தது. நான் இருந்தால் நானே கொத்துவேன். இதையெல்லாம் சொல்லிவிட்டு முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"செவப்பு மிஷின அவன் எடுத்துக்கிடட்டும். மார்க்கெட்ல தனியா செட்டு போட்டுக்குடுதேன். வெள்ள மிஷினு ஒனக்கு. சம்மதமாலே?"

மில்லுக்கு ஜீவனே மிளகாய்தான். வெள்ளை மிஷினை மட்டும் வைத்துப் பிழைக்கிறவனை நான் அது வரை பார்த்ததில்லை. பாதி மில், பாதியைவிடக் குறைந்த பிழைப்பு. மச்சினன் பக்கம் கூட்டம் நிற்கும், என் பக்கம் ஈ ஓட்ட வேண்டும். அதை அவரும் அறிவார்.

சம்மதம் என்றேன்.

தை பிறந்ததும் சிவப்பு மிஷினைக் கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். அது நின்ற இடத்தில் தரை மட்டும் சிவப்பாக இருந்தது. எத்தனை தடவை கழுவியும் போகவில்லை. பின்சுவரை இடித்து இரண்டு ஜன்னல் வைத்தேன். பின்னால் காலி மனை, வேலிக்கருவை மட்டும். என்ஜின் புகைக்குழாயைக் கூரைக்கு மேலே ஆளுயரம் ஏற்றினேன். இஸ்திரிக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார், வேட்டி ஞாபகம் அவருக்கு. என் வீட்டுக்காரி சாம்பிராணிச் சட்டியைப் பரணில் போட்டாள். பருத்தி மார் மட்டும் நிற்கவில்லை, வேறு எதை எரிக்க? அடுப்பைப் புழக்கடைக்கு மாற்றிக் கீற்று வைத்து மறைத்துக்கொண்டாள். மழைக்காலத்தில் நனைந்துகொண்டே சமைத்தாள்.

மாத்திரை மூன்று இரண்டாயிற்று. கை நடுக்கம் குறைந்தது. டீச்சரம்மா வீட்டில் மறுபடி இடியாப்பம் பிழிந்தார்கள். டாக்டரிடம் வரும் கடையநல்லூர்க்காரர் ஒருவர் துபாயில் வேலை பார்த்தார். அவர் லீவில் வரும்போது டாக்டர் சொல்லி எனக்கு ஒரு பம்பு வாங்கிவந்தார். வாயில் வைத்து அமுக்க வேண்டும், அமுக்கும்போதே இழுக்க வேண்டும். எனக்கு அந்த இரண்டும் சேர்ந்து வர ஒரு வாரம் ஆயிற்று. முதல் நாள் அமுக்கியதில் பாதி காதுப் பக்கம் போயிற்று. வரிசையில் நின்ற பெண்கள் அது துபாய் செண்ட் என்று நினைத்துக்கொண்டார்கள். வாசனையே வரவில்லையே, ஏமாற்றிவிட்டானா என்று ஒரு அம்மா அனுதாபப்பட்டார்.

முதலில் பிழைப்பு இழுத்துக்கொண்டுதான் போனது. ஈ ஓட்டவில்லை, அந்த அளவுக்கு இல்லை. மிளகாய் நெடி இல்லாத மில் என்பதால் கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் கொண்டுவருவது கேப்பையும் அரிசியும்தான். நின்று பேசினார்கள். மிஷின் நின்றபோதும் நான் பதில் பேசினேன்.

முதலாளி திருநெல்வேலிக்குப் புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பெட்டியை மேலே ஏற்றினேன். ஏணியில் ஏறி இறங்கியதில் கொஞ்சம் இழுத்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவியை மடியிலிருந்து எடுத்து நீட்டினார்.

"முடியலன்னா பூட்டிட்டுப் போயிருலே" என்றார். "மில்லு எங்கயும் போவாது."

பஸ் கரும்புகையைக் கக்கிவிட்டுக் கிளம்பியது. நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

மில்லுக்கு வந்து மிஷினைப் போட்டேன். பதினோரு மணி வரை ஓட்டினேன். மாசி மாதக் காற்று ஜன்னலுக்கு எதிராக அடித்தது, மாவு ஜன்னல் வழியாகப் போகாமல் கூடத்துக்குள்ளேயே சுற்றியது. நெஞ்சு பிடிக்க ஆரம்பித்தது. பம்பை இரண்டு தடவை இழுத்தேன். அரை மணி நேரம் பார்த்தேன். பிறகு மிஷினை நிறுத்தினேன். வரிசையில் மூன்று பேர் இருந்தார்கள்.

"எனக்கு இழுப்பு வந்துட்டும்மா. இன்னிக்கு முடியாது. நாளைக்கு வாங்க."

அதைச் சொல்ல ஒரு முழு மூச்சு ஆனது. ஒருத்தி டின்னை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மில்லைப் பார்த்து நடந்தாள். இரண்டு பேர் டின்னை அங்கேயே வைத்துவிட்டு, நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறோம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் கதவைப் பூட்டினேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, பகலில் படுத்துத் தூங்கினேன்.

மறுநாள் ஆறரைக்குத் திறந்தேன். அந்த இரண்டு டின்னையும் முதலில் அரைத்தேன்.